சுத்துற கவை நமக்கு எதுக்கு?

முடிச்சூர் பக்கம் நெல்லு பால் பிடிக்கிற நேரம் வந்தா கிளியும் குருவியும் கூட்டங்கூட்டமா இறங்கும். விரட்ட என்கிட்ட இருக்கிறது ஒரு கொய்யாக் கவை, சைக்கிள் டியூப், பழைய செருப்புத் தோல். அதான் உண்டிவில். போன மாசம் தாம்பரத்துல இருந்து வயலைப் பார்க்க வந்த தம்பி ஒருத்தர், "அண்ணே, இதெல்லாம் பழசு. இப்ப முனை சுத்துற இரும்புக் கவை வந்தாச்சு"ன்னு பையில இருந்து எடுத்துக் காட்டினார்.

அதுல இருக்கிற நல்லதை மறைக்க மாட்டேன். அசையாத கவையில ரப்பர் கட்டுன இடத்துலயே மடிஞ்சு மடிஞ்சு தேயும். அறுந்தா முகத்துல அடிக்கும். சுத்துற முனை இழுக்கிற பக்கம் தானா திரும்பிக் கொடுக்கும், ரப்பர் கூடுதல் நாள் உழைக்கும். உண்மைதான்.

ஆனா இது சேத்துக்காடு சாமி! மழையும் மண்ணும் பட்டா ஒரு முனை சுத்தும், இன்னொண்ணு துருப்பிடிச்சு நிக்கும். இழுப்பு கோணிச்சுன்னா உண்டை கவையில பட்டுத் தெறிக்கும், இல்லேன்னா கட்டைவிரலைப் பதம் பார்க்கும். கொய்யாக் கவையில கெட்டுப்போறது ரப்பர் ஒண்ணுதான். தினம் இழுத்துப் பாருங்க, வெடிப்பு கண்ணுக்குத் தெரியும். வெட்டிட்டு மறுபடி கட்டுங்க. ரப்பர் சீக்கிரம் தேயுறதுக்குப் பாதிக் காரணம் கத்தி மாதிரி விட்ட காடிதான். அதை வழவழன்னு தேய்ச்சு, தோல் சுத்திக் கட்டினா போதும். கவையை நிழல்ல காயவைங்க. முருங்கையை மட்டும் தொடாதீங்க, ஒடிஞ்சிடும்.

எனக்குக் கோபம் வேற இடத்துல. சுத்துற முனை எதுக்கு? கனத்த ரப்பர் போட்டு இரும்புக் குண்டு விடத்தானே! அந்த வேகம் விரட்ட இல்ல, கொல்ல. கிளியைக் கொல்றது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022ல ராம்சர் பட்டியல்ல இடம் கிடைச்சதுக்குப் பெருமைப்படுறோம். அங்க வர்ற கொக்கு நம்ம வயல்லயும்தான் இறங்குது. அதுக்கு எல்லைக்கல் தெரியுமா?

இன்னொண்ணு. இப்ப என் வரப்புக்கு அந்தாண்ட அடுக்குமாடி. குறி தப்புன களிமண் உண்டை சுவத்துல பட்டா உதிர்ந்துடும். இரும்புக் குண்டு? பால்கனியில நிக்கிற குழந்தையோட கண்ணுக்கு யார் பதில் சொல்றது?

உண்டிவில் வேணும்னா ஞாயித்துக்கிழமை வாங்க. கொய்யாக் கவை நானே வெட்டித் தரேன். உண்டை மட்டும் மண்ணுலதான்.