மருந்து மட்டும் போதுமா?

மார்பகப் புற்றுநோய்க்குரிய டிராஸ்டுஜுமாப் என்னும் மருந்தின் விலையைப் பற்றி நம் தேசத்தில் நடந்த வாதத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ரோஷ் கம்பெனியார் 2013-ல் தமது பேடன்ட் உரிமையை இந்நாட்டில் கைவிட்டனர். மறு வருஷமே பெங்களூர் பயோகான் கம்பெனியின் சுதேசித் தயாரிப்பு விற்பனைக்கு வந்தது. 2015-ல் இந்திய சர்க்காரின் அத்தியாவசிய மருந்துகளின் ஜாபிதாவிலும் அது இடம் பெற்றது. இதற்காகப் பாடுபட்டவர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும் மருந்துக்காக எழுந்த குரலில் காற்பங்கேனும், அதை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் சோதனைக்காக எழவில்லை.

மார்பகப் புற்று என்பது ஒரே வியாதியன்று. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து டாக்டர் டென்னிஸ் ஸ்லேமனும் அவருடைய சகாக்களும் 189 கட்டிகளை ஆராய்ந்து, 1987-ல் ஓர் உண்மையை வெளியிட்டனர். ஹெர்-2 என்னும் புரதத்தை உண்டாக்கும் மரபணு பன்மடங்கு பெருகியிருக்கும் கட்டிகள், வெட்டியெடுத்த பின்னும் விரைவில் மீண்டும் தலைகாட்டுகின்றன என்பதே அது. நூற்றில் 15 முதல் 20 வரையிலான கட்டிகள் இவ்வகையின. டிராஸ்டுஜுமாப் இவர்களுக்கே பயன்படும். மற்றவர்க்கு அதனால் நன்மையில்லை. இருதயத்துக்குக் கெடுதி நேரவும் கூடும். ஈஸ்ட்ரஜனை ஏற்கும் புரதம் இன்னொரு குறி. அஃது இருந்தால் டமாக்ஸிபன் போன்ற எளிய மாத்திரையே பல்லாண்டு ஆயுளைத் தரவல்லது.

இக்குறிகளைக் காண்பது எப்படி? வெட்டியெடுத்த சதையைத் தாமதமின்றி பார்மலினில் இட்டு, 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் வைத்து, மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றிப் பார்க்கவேண்டும். ஹெர்-2 விஷயத்தில் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுவர். 2 என்று வந்தால் சந்தேகம். மரபணுவை எண்ணும் மறு சோதனை அவசியம். ஆகவே, அறுவைச் சாலையில் ஒரு சிப்பந்தி காட்டும் அசட்டை, ஒரு மாதின் உயிருக்கே உலையாகலாம்.

இது வீண் அச்சமன்று. கனடாவின் நியூபவுண்ட்லாந்து மாகாணத்தில் 1997 முதல் 2005 வரை ஈஸ்ட்ரஜன் குறிக்கான சோதனைகள் பிழையாகவே நடந்துவந்தன. டொராண்டோவில் மறு சோதனை செய்தபோது 300-க்கும் மேற்பட்டோரின் முடிவுகள் தவறென்று தெரிந்தது. குறி இருந்தும் இல்லையெனச் சொல்லப்பட்டதால், அவர்களிற் பலர் உரிய மாத்திரையை இழந்தனர். அதிகாரிகள் முழு உண்மையையும் ஜனங்களுக்கு உடனே வெளியிடவுமில்லை. நீதிபதி மார்கரெட் காமரன் விசாரணை நடத்தி 2009-ல் அறிக்கை சமர்ப்பித்த பிறகே விவரம் யாவும் வெளிவந்தது. செல்வம் மிக்க நாட்டிலேயே இக்கதி!

ஏழை நாட்டுக்கு இவ்வளவு நுட்பம் எதற்கு, முதலில் நோயைக் காலத்தில் கண்டுபிடிக்கட்டுமே என்று சிலர் கேட்கலாம். கண்டுபிடிக்க வேண்டியதே, யார் வேண்டாமென்றார்? ஆனால் ஓராண்டு காலம் ஏற்றவேண்டிய மருந்தைத் தகாதவருக்கு ஏற்றி, தக்கவருக்கு மறுப்பதைவிடப் பெரிய விரயம் ஏது? சிக்கனம் பேசுவோரே சோதனைக்கு முதலில் வாதாட வேண்டும். சுதேசி மருந்து பெற்றுவிட்டோம் என்ற பெருமிதத்தில் சோதனைச்சாலையை மறப்பது, நெல்லை விளைவித்துவிட்டு மரக்காலைப் பொய்யாக வைத்திருப்பதற்கொப்பாகும்.

சட்டசபையில் நமது பிரதிநிதிகள் சர்க்காரைச் சில கேள்விகள் கேட்கவேண்டுமென்று விரும்புகிறோம். எந்தெந்த ஜில்லா ஆஸ்பத்திரிகளிலிருந்து இச்சோதனைக்குச் சதை அனுப்பப்படுகிறது? கட்டணம் யார் தலையில் விழுகிறது? 2 என்று மதிப்பெண் பெற்றவர்களில் எத்தனை பேருக்கு மறு சோதனை நடந்தது? ஒரு சோதனைச்சாலையின் முடிவை இன்னொன்று ஒத்துப் பார்க்கும் ஏற்பாடு உண்டா? அதில் கண்ட பிழைகளின் கணக்கை ஆண்டுதோறும் ஜனங்கள் முன் வைப்பார்களா?