பாட்டி கொடுத்த பாய்

சென்ற டிசம்பரில் சாரணியர் முகாமுக்காகக் கொடைக்கானல் மலைக்குப் புறப்பட்ட எங்கள் 22 பேரின் பைகளைப் பார்த்திருந்தால், ஏதோ கல்யாணத்துக்குப் போகிறோம் என்றே நினைத்திருப்பீர்கள். பவுடர் டப்பா இருந்தது, முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தது, முறுக்கு டின் மூன்று இருந்தது. விசில் ஒன்றுகூட இல்லை. 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும் என்று புவியியல் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தாம் நாங்கள். கொடைக்கானலின் உயரம் சுமார் 2100 மீட்டர் என்பதும் தெரியும். ஆனாலும் ஸ்வெட்டர் கொண்டுவந்தவர்கள் பாதிப்பேரே!

பட்டுத் தெரிந்துகொண்டதால் சொல்கிறோம். முதன்முறை மலையேறுகிறவர் பணம் செலவழிக்க வேண்டியது காலணிக்கு மட்டுந்தான். அதையும் புறப்படுவதற்கு முந்தின நாள் வாங்கக் கூடாது. புது ஷூ போட்டு வந்த தோழிக்கு முதல் மணி நேரத்திலேயே குதிகால் கொப்புளித்துவிட்டது. அவள் பையை நாங்கள் மாறி மாறிச் சுமந்தோம். இரண்டு மூன்று வாரமாவது போட்டு நடந்து பழக்க வேண்டும்.

மற்றவை பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கின்றன. கூடாரத்தில் குளிர் மேலிருந்துதான் வருகிறது என்றெண்ணி இரண்டிரண்டு போர்வை போர்த்திக்கொண்டோம். உண்மையில் எங்கள் உடல் சூட்டைத் தரைதான் உறிஞ்சிக்கொண்டிருந்தது. தார்ப்பாயின்மேல் கோரைப்பாய் விரித்துப் படுத்தவள் ஒருத்தி மட்டுமே விடியும்வரை தூங்கினாள். பாட்டி கொடுத்தனுப்பிய அந்தப் பாயைப் பார்த்துப் பேருந்தில் சிரித்தவர்களும் நாங்களே.

நாளெல்லாம் நடக்க ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீராவது வேண்டும். நனைந்தால் லேசில் உலராத ஜீன்ஸ் வேண்டாம். மழைக்காலமானால் அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பு. கைப்பேசியை நம்பிப் பயனில்லை, மலை மறைவில் சிக்னல் கிடைப்பதில்லை. விசில் அப்படியல்ல, கத்தினால் தொண்டை கட்டிவிடும், விசிலுக்குத் தொண்டை கட்டாது. மும்மூன்று முறையாக ஊதினால் உதவி தேவை என்று பொருள்.

எங்கள் வகுப்பில் ஐந்து பேரை வீட்டில் அனுப்பவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பற்றிய காட்டுத்தீயைப் பெற்றோர் நினைவூட்டினார்கள். அதில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; அவர்களில் பெண்கள் பலர். அந்த அச்சத்தை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. காய்ந்த புற்சரிவில் தீ ஓடிவரும்போது ஷூவும் விசிலும் காப்பாற்றுமா? எந்த மாதம் போகிறீர்கள், வனத்துறை அனுமதி உண்டா, வழி தெரிந்தவர் யார் கூட வருகிறார் என்று பெற்றோர் கேட்கட்டும்; கேட்கத்தான் வேண்டும். 2024-இல் தமிழக வனத்துறை 40 மலைப்பாதைகளை, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் செல்லும்படி திறந்திருக்கிறது.

“ஆம்பளைப் பிள்ளைகளா நீங்கள்?” என்ற கேள்விதான் எங்களுக்குச் சம்மதமில்லை. 1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணச் சிறுவர்கள் திரண்டபோது, அழைப்பில்லாமலே சில சிறுமியரும் போய் நின்றார்கள். மறு ஆண்டே சாரணியர் இயக்கம் பிறந்தது.

அடுத்த முகாமுக்கு விசில் வாங்கியாயிற்று. அன்று வராத ஐவருக்கும் சேர்த்தே வாங்கினோம்.