பாட்டன் பெயரைப் பதிவேட்டில் தேடுங்கள்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் சுவர்களில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் இருக்கின்றன. நிலம் கொடுத்தவர், விளக்கு வைத்தவர் பெயரெல்லாம் படிக்கலாம். அந்த நிலத்தில் ஏர் ஓட்டியவர் பெயர் கிடைப்பது அரிது. நம் பிள்ளைகளை வம்சாவளி எழுதச் சொன்னால் பாட்டனோடு நின்றுவிடுகிறார்கள்.

ஆனால் வெள்ளைக்காரன் காலத்துக் காகிதத்தில் நாம் இருக்கிறோம். 1860 முதல் 1911 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, ஜில்லா எல்லாம் எழுதப்பட்டன. கடல் தாண்டியவரின் பேரப்பிள்ளைகள் அதை வைத்துத்தான் பூர்வீக ஊரைத் தேடுகிறார்கள். ஊரிலேயே இருந்துவிட்ட நம் பெயரை எங்கே தேடுவது? நில ஆவணத்தில்.

செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்த திரமென்ஹீர், 1891-ல் நம் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். காஞ்சிபுரமும் அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தது. அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை 1010 வந்தது. ஒடுக்கப்பட்டோருக்குத் தரும் நிலத்தைப் பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. இதுவே பஞ்சமி நிலம். காரணையில் இதை மீட்கும் போராட்டத்தில்தான் 1994-ல் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள்.

மாணவர்களே, முதலில் பாட்டியிடம் உட்காருங்கள். எந்தக் கழனி, அதன் பெயர் என்ன, பக்கத்து நிலம் யாருடையது என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து கிராமத்தின் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். 1980-களின் யு.டி.ஆர். பதிவில் பெயர் மாறியிருக்கலாம். அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணம் செலுத்தி வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். அதிலும் இல்லையென்றால் பக்கத்து நிலத்தின் பழைய பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் போடுங்கள். நான்கெல்லை சொல்லும் வரியில், 'இன்னார் நிலத்துக்குக் கிழக்கு' என்று உங்கள் பாட்டன் பெயர் இருக்கக்கூடும்.

பழைய ஆவணத்தில் பெயரோடு சாதியும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக் கூசிப் பதிவேட்டை மூடிவிடாதீர்கள். எழுதியவன் இழிவாக நினைத்தே எழுதியிருக்கலாம். இன்று நிலம் யாருடையது என்று கேட்கும்போது, அந்த வரிதான் நமக்குச் சாட்சி.