'தாங்குவாரா?' என்பதா கேள்வி?

அமெரிக்கக் கால்பந்தில் அணியின் ஆட்டத்தை வழிநடத்துபவர் குவார்ட்டர்பேக். பந்தை எவருக்கு எறிவது என்பதை ஓரிரு நொடிகளில் தீர்மானிப்பவர் அவர். அதற்குள் அவரைத் தரையில் வீழ்த்துவது எதிரணித் தடுப்பாளர்களின் வேலை. எனவேதான் ஒவ்வோர் ஆண்டும் என்எஃப்எல் போட்டிகள் தொடங்கும்போது, 'இவர் பருவம் முழுவதும் தாங்குவாரா?' என்ற கேள்வி எழுகிறது. அக்கேள்வியை வீரரிடம் மட்டும் கேட்பது சரியன்று என்பதே என் கருத்து.

டுவா டகோவைலோவாவின் அனுபவமே இதற்குச் சான்று. 2022 செப்டம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. பஃபலோ அணிக்கு எதிராக மியாமி டால்ஃபின்ஸ் ஆடியபோது அவரது தலை தரையில் மோதியது. எழுந்தவர் தள்ளாடினார். முதுகில் பட்ட அடியே காரணம் என்று விளக்கம் கூறப்பட்டது. இரண்டாம் பாதியில் மீண்டும் களமிறங்கினார். அடுத்த ஆட்டம் நான்கே நாள்களில், வியாழக்கிழமை இரவு சின்சினாட்டியில் நடந்தது. அங்கு வீழ்த்தப்பட்டபோது அவரது கைவிரல்கள் விறைத்துக்கொண்டன. தூக்குப் படுக்கையில் வெளியே கொண்டுசெல்லப்பட்டார்.

லீக்கும் வீரர்கள் சங்கமும் இணைந்து விசாரித்தன. விதிமுறை மீறப்படவில்லை, ஆனால் அதன் நோக்கம் நிறைவேறவில்லை என்றன. தள்ளாட்டம் கண்டவர் அன்றைய ஆட்டத்துக்குத் திரும்பக் கூடாது என்று விதி திருத்தப்பட்டது அதன் பிறகுதான். விதியைப் பின்பற்றிய பிறகும் ஒருவர் இந்த நிலைக்கு ஆளாக முடியுமென்றால், குறை அவர் உடலிலா, விதியிலா?

அதே டிசம்பரில் அவருக்கு மீண்டும் மூளையதிர்ச்சி. இவர் நீடிக்க மாட்டார் என்று பலரும் முடிவுகட்டினர். அவரோ அடிபடாமல் விழுவதற்கு ஜூஜிட்சு பயின்றார். 2023இல் 17 ஆட்டங்களிலும் ஆடி, 4,624 கெஜம் எறிந்து லீக்கில் முதலிடம் பெற்றார். 2024 செப்டம்பரில் மற்றொரு மூளையதிர்ச்சி. நான்கு ஆட்டங்களை இழந்தார். ஒரே மனிதர் ஓராண்டு உறுதியானவராகவும் மறு ஆண்டு பலவீனராகவும் தெரிகிறார் என்றால், நாம் அளப்பது அவரது உறுதியை மட்டுமல்ல.

1978 முதல் 16 ஆக இருந்த ஆட்டங்களின் எண்ணிக்கை 2021இல் 17 ஆனது. அதற்கு வழிவகுத்த 2020ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை வீரர்கள் 1,019க்கு 959 என்ற வாக்குகளில்தான் ஏற்றனர். இப்போது 18 ஆட்டங்கள் வேண்டும் என்கிறார்கள். ஈடாக, பருவத்துக்கு முந்தைய ஆட்டமொன்றைக் குறைக்கலாம் என்கிறார் லீக் ஆணையர் ரோஜர் குடெல். கேட்பதற்கு நியாயமான கணக்குதான். ஆனால், அவ்வகை ஆட்டங்களில் முன்னணி குவார்ட்டர்பேக்குகள் பெரும்பாலும் ஓரத்தில் நிற்பவர்கள். குறைவது அவர்கள் ஆடாத ஆட்டம். கூடுவது அவர்கள் அடிவாங்கும் ஆட்டம்.

கோடிகளில் ஊதியம் பெறுபவர்கள் விரும்பித்தானே ஆடுகிறார்கள் என்று கேட்கலாம். முழங்கால் வலியைத் தாங்கி ஆடுவதா என்பதை வீரரே முடிவு செய்யலாம். தலையில் அடிபட்டவரின் நிலை வேறு. முடிவெடுக்க வேண்டிய மூளையே அங்கு காயமுற்றிருக்கிறது.

பருவத்தை நீட்டுவதற்கு முன், ஞாயிறன்று ஆடிய அணியை வியாழனன்று மீண்டும் களமிறக்குவதை லீக் நிறுத்தட்டும். ஒன்றாக உள்ள ஓய்வு வாரத்தை இரண்டாக்கட்டும். அவற்றைச் செய்யாமல் வீரரைப் பார்த்துத் 'தாங்குவாரா?' என்று கேட்கும் தகுதி அதற்கு இல்லை.