கராச்சியில் நிற்கும் கொசு

கராச்சி நகரில் பாகிஸ்தான் விமானப் படையின் காட்சிசாலை இருக்கிறது. அங்கே சின்னஞ்சிறு சண்டை விமானம் ஒன்று நிற்கிறது. அது பாகிஸ்தான் விமானம் அல்ல. இந்திய விமானம்! அதன் எண் ஐ.இ. 1083.

அது எப்படி அங்கே போயிற்று?

அந்த ரக விமானத்துக்கு 'நாட்' என்று பெயர். கொசு போன்ற சிறு பூச்சி என்று பொருள். இங்கிலாந்தில் 1955-ல் முதன்முதலாகப் பறந்தது. பிறகு பெங்களூரிலும் செய்தார்கள். பெயருக்கு ஏற்ற உருவந்தான்: நீளம் ஏறக்குறைய 29 அடி, உயரம் 8 அடி. கருணாபுரத்தில் கரும்பு லாரிக்குப் பக்கத்தில் நிறுத்தினால், லாரிதான் பெரிதாகத் தெரியும்! ஆனால் மணிக்கு 1,000 கிலோ மீட்டருக்கு மேல் பாயும். உருவம் சிறிது, எதிரியின் கண்ணில் எளிதில் படாது. 'சேபர் கொல்லி' என்ற பட்டப்பெயரும் அதற்கு உண்டு.

1965 செப்டம்பர் 3. சம்ப் பகுதியில் கடும் போர். பாகிஸ்தானின் சேபர் விமானங்களை நாட் விமானங்கள் எதிர்த்தன. டிரெவர் கீலர் என்ற விமானி ஒரு சேபரைச் சுட்டார். அவருக்கு வீரச் சக்கரம் கிடைத்தது. நாடே கொண்டாடியது. (அடிபட்ட சேபர் எப்படியோ தன் தளம் போய்ச் சேர்ந்தது என்பது பின்னால் தெரிந்த சங்கதி.)

அன்று புறப்பட்ட நாட் ஒன்று வீடு திரும்பவில்லை. அதை ஓட்டியவர் ஸ்குவாட்ரன் லீடர் பிரிஜ் பால் சிங் சிக்கந்த். அவர் கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிட்டார். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. கீழே ஓர் ஓடுதளம் தெரிந்தது. நம்முடையது என்று எண்ணி இறங்கினார். அது பாகிஸ்தானின் பஸ்ரூர்! இது இந்தியத் தரப்புச் செய்தி. தங்கள் ஸ்டார்பைட்டர் விமானத்தைக் கண்டு அவர் சரணடைந்தார் என்பது பாகிஸ்தானின் பேச்சு.

விமானி சிறைப்பட்டார். நாட் ஓட்டத் தெரிந்த பாகிஸ்தான் விமானி ஒருவர் அதைப் பஸ்ரூரிலிருந்து ஓட்டிப் போனார். பின்னர் அது காட்சிப் பொருளாயிற்று. அதில் குறை சொல்ல இடமில்லை. அதே போரில் பிடித்த பாட்டன் டாங்கிகளை இந்தியாவும் ஊர் ஊராக நிறுத்தி மக்களுக்குக் காட்டியது.

கீலரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்கள் சிக்கந்தின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. சுற்றிலும் எதிரி, தொட்டியில் எரிபொருள் இல்லை, துணைக்கு ஆள் இல்லை. அப்படித் தன்னந்தனியாக வானத்தில் நிற்பவனுக்கு யோசிக்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தாம். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, "இப்படிச் செய்திருக்கலாமே!" என்று கேட்பது சுலபம்.

இந்திய விமானப் படை அந்தக் கேள்வியோடு அவரை மூலையில் உட்கார வைத்துவிடவில்லை. போர் முடிந்து விடுதலையான சிக்கந்த், மீண்டும் சேவையில் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து ஏர் மார்ஷல் பதவி வரை போனார்.

விமானி வந்துவிட்டார். விமானம் மட்டும் இன்னும் கராச்சியில் நிற்கிறது.