பின் கதவும் பின்வருவோரும்



2001-ஆம் ஆண்டு நமது தங்கவயலில் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், நம்மவர்களுள் பலருக்குப் பெங்களூர் செல்லும் ரயிலே பிழைப்புக்கு வழியாயிற்று. வேறு சிலர் கடன் வாங்கியும் நகையை விற்றும் ஒரு சிறு சரக்கு வண்டியைச் சம்பாதித்து, அதைக் கொண்டு குடும்பம் நடத்துகின்றனர். 2005-இல் டாடா ஏஸ் என்னும் வண்டி வெளிவந்து, நம் மக்கள் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயரிட்டது முதல் இத்தகைய வண்டிகள் தெருவுக்குத் தெரு பெருகிவிட்டன. கோலார் மண்டித் தக்காளி, தண்ணீர்க் கேன், சமையல் வாயு உருளை, கலியாண வீட்டுப் பாத்திரம், வீடு மாறுவோரின் கட்டில், பீரோ ஆகிய யாவும் இவற்றிலேதான் பயணம் செய்கின்றன. அவ்வண்டியின் ஒரு சிறிய உறுப்பைக் குறித்தே இம்மாதம் எழுதுகிறேன். அதுதான் பின் கதவின் கொக்கி.

வண்டியின் பின் கதவு அடியில் கீலோடு பொருந்தியிருக்கும். மேலே இரு மூலைகளிலும் இரண்டு கொக்கிகள் அதனைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்துக்கொன்றாக உள்ள சங்கிலிகள், கதவைத் தாழ்த்தும்போது அதனைத் தாங்குவதற்கு ஏற்பட்டவை. இரு கொக்கிகளும் இறுதிவரை விழுந்தால்தான் கதவு பூட்டப்பட்டதாகும். ஒரு பக்கம் விழுந்து மறு பக்கம் பாதியில் நின்றாலும், பார்வைக்குக் கதவு மூடியே இருக்கும். அபாயம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. வண்டி புறப்படும்போதும் மேடு ஏறும்போதும் பாரம் பின்னோக்கிச் சாய்ந்து கதவை நெருக்கும். வேகத்தடைகளில் குலுங்கக் குலுங்கப் பாதி விழுந்த கொக்கி சிறிது சிறிதாக நழுவும். முடிவில் கதவு தானே திறந்துகொள்ளும்.

நிறைந்த வாயு உருளை ஒன்று ஏறத்தாழ 30 கிலோ எடை உள்ளது. அது சாலையில் விழுந்தால் ஓட்டுபவர் முன்னால் போய்விடுவார். அடிபடுபவர் பின்னால் வருபவரே. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு வினாடியில் சுமார் 14 மீட்டர் கடந்துவிடும். விழுந்த பொருளைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கை அழுத்துவதற்கே அந்த ஒரு வினாடி சரியாய்ப் போகும். அந்தச் சைக்கிளில் வருபவர் யார்? இரவு வேலை முடிந்து திரும்பும் நம் வீட்டுத் தம்பியாகவும் இருக்கலாம். குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தாயாகவும் இருக்கலாம்.

நமது முன்னோர் இவ்விஷயத்தில் வெகு கண்டிப்பானவர்கள். சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கூண்டின் கதவு அடைபட்டதா என்று பார்ப்பதற்கென்றே வாய்க்காவலர் ஒருவர் நின்றார். அவர் மணியடித்துக் குறிப்புக் கொடுத்த பின்னரே இயந்திரம் ஓட்டுபவர் கூண்டை அசைப்பார். அந்த மணிக்காகப் பொறுமையுடன் காத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று குட்டி யானையை ஓட்டுகின்றனர்.

நான் ஊழியம் செய்யும் ரயில்வேயிலும் இதே நியதிதான். மூடிய சரக்குப் பெட்டியில் பாரம் ஏற்றியானதும் கதவை அடைத்து, முத்திரை வைத்துக் கணக்கில் குறித்துக்கொள்வோம். அத்துடன் விட்டுவிடுவதில்லை. நில்லாமல் கடந்து செல்லும் வண்டியை நிலையச் சிப்பந்திகள் நின்று கவனிக்கின்றனர். கதவு திறந்திருந்தாலோ, ஏதேனும் தொங்கினாலோ உடனே சிவப்புக் காட்டி நிறுத்துவார்கள். கார்டு என்று நாம் அழைத்துவந்தவருக்கு 2022 முதல் டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாறியது. எனினும் இக்கவனிப்பு மாறவில்லை. ஒருவர் அடைத்ததை மற்றொருவர் பார்க்கவேண்டும் என்பதே இதன் சாரம்.

நமது சிறு வண்டிகளில் குறைவுபடுவது இதுவே. பாரம் ஏற்றியவர், ‘மூடியாயிற்று, போகலாம்’ என்று வண்டியைத் தட்டுகிறார். ஓட்டுபவர் அந்தச் சப்தத்தை நம்பிப் புறப்பட்டுவிடுகிறார். இருவர் இருந்தும் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

‘புது வண்டிகளில் யாவும் மின்சாரத்தால் இயங்குகின்றனவே, இக்கவலை எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 2019-இல் ஃபோர்டு கம்பெனி சுமார் 2,62,000 பிக்கப் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மின்கம்பியில் நீர் புகுந்தால் பின் கதவு தானே திறந்துகொள்ளக்கூடும் என்பதே காரணம். 2024-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியும் இத்தகைய குறைக்காகச் சுமார் 3,23,000 வண்டிகளை அழைக்க நேர்ந்தது. அதே கம்பெனி 2004-இல், பின் கதவைத் தாங்கும் கம்பி வடங்கள் துருப்பிடித்து அறுந்ததனால் ஏறத்தாழ 40 லட்சம் வண்டிகளை அழைத்திருந்தது. கதவின்மேல் அமர்ந்தவர்களும் நின்றவர்களும் விழுந்து காயமுற்றனர். செல்வம் கொழிக்கும் தேசத்திலேயே நீரும் துருவும் இவ்வளவு செய்யுமாயின், நம் ஊர்ப் புழுதியிலும் மழையிலும் ஓடும் வண்டிக்குச் சோதனை வேண்டாமா?

செய்யவேண்டியவை மிகச் சில.

புறப்படுமுன் ஓட்டுபவரே இறங்கிவந்து, இரு கொக்கிகளையும் தொட்டுப் பார்த்து, கதவை இரு மூலைகளிலும் தம் பக்கமாக ஓங்கி இழுக்கவேண்டும். ஆடினால் மீண்டும் பூட்டவேண்டும். வழியில் பாரம் இறக்கிய ஒவ்வொரு முறையும் இதையே செய்யவேண்டும். அவசரத்தில் மறப்பது பெரும்பாலும் அப்போதுதான்.

கொக்கியில் புழுதி அடைந்தால் துடைத்து எண்ணெய் இடுக. வளைந்த கொக்கியைக் கயிற்றால் கட்டி ஒப்பேற்றாமல், பட்டறைக்குக் கொண்டுசெல்க. உருண்டோடும் பொருளைக் கதவின்மேல் சாய்க்காது, தனியே கயிறு கொண்டு கட்டுக. கதவை நம்பிப் பாரம் ஏற்றலாகாது.

நீண்ட சாமான்களுக்காகக் கதவைத் தொங்கவிட்டு ஓட்டுவதும் கூடாது. பின் விளக்கும் எண் பலகையும் மறைந்துபோகும். அளவுக்கு மீறி வெளியே நீட்டிய பாரத்துக்கு 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 20,000 ரூபாய் அபராதம் விதித்திருக்கிறது. கதவின்மேல் பிள்ளைகளை உட்காரவைத்து ஊர்வலம் போவதையோ அறவே விலக்கவேண்டும்.

இந்தச் சோதனைக்கு அரை நிமிஷம் போதும், காசு செலவில்லை. ஆகையால் வண்டி வைத்திருக்கும் வீட்டுத் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். காலையில் வண்டி புறப்படும்போது, ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்பதோடு, ‘கதவை இழுத்துப் பார்த்தாயா?’ என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். நம் வண்டிக்குப் பின்னால் வருகிறவரும் ஒரு வீட்டின் பிள்ளையே அல்லவா?