துடுப்பின் ஆட்சி

2025 செப்டெம்பரில் மண்டைதீவிலே சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நடப்பட்டது. இனித்தான் யாழ்ப்பாணத்தை உலகம் அறியுமாம்! 1958இல் டோக்கியோவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவிலே, உயரம் பாய்தலில் இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தை வென்று தந்த எதிர்வீரசிங்கம் எந்த ஊரவர்? யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவரன்றோ! என் வகுப்பிலே அப்பெயரைச் சொன்னால் பிள்ளைகள் விழிக்கின்றனர். ஐ.பி.எல். வீரர்களின் ஏலத் தொகையையோ வரிசை பிசகாது ஒப்புவிக்கின்றனர்.

கரப்பந்தாட்டம் 1991 முதல் இந்நாட்டின் தேசிய விளையாட்டு, ஏட்டளவில். இரண்டு கம்பமும் ஒரு வலையும் இருந்தால் பனங்காணியிலும் ஆடலாம். ஏழையின் ஆட்டம் அது. ஆனால் ஓவருக்கு ஓவர் விளம்பரம் செருக அதிலே இடைவெளி இல்லை. வணிகனுக்கு வேறென்ன குறை வேண்டும்?

பெண்பிள்ளைகளின் நிலையோ இன்னும் கொடிது. 2018இல் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியின் தூணாக நின்றவர் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம். அவரைப் பார்த்துப் பந்தெடுத்த சிறுமியிடம், சாதாரணதர வகுப்பு வந்ததும், ‘விளையாட்டுப் போதும், படி’ என்கிறோம். அண்ணன் துடுப்பெடுத்தால் அது திறமை!

கிரிக்கெட்டின்மீது எமக்குப் பகையில்லை. 1904இல் தொடங்கிய வடக்கின் பெரும் சமரை ரசிக்காத யாழ்ப்பாணத்தான் யார்? அச்சமருக்கு வாரி வழங்கும் கனவான்களைத்தான் கேட்கிறேன்: உங்கள் ஊர்ப் பாடசாலையின் வலைப்பந்துத் திடலுக்கு இதுவரை எத்தனை ரூபா கொடுத்தீர்கள்?